நட்சத்திரம் மறைய 70 மில்லி விநாடி: ஒளிப்பெருக்கிக் குழாயில் எங்கே தவறு?

கேள்வி: மாடி ஆய்வகம்

அனைவருக்கும் வணக்கம். ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் 8 அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. ஆய்வகத்தின் பழைய பெட்டியில் கிடந்த 931ஏ ஃபோட்டோமல்டிபிளையர் குழாயை, அதாவது மங்கிய ஒளியையும் பெருக்கி மின்னோட்டமாக மாற்றும் ஒளிப்பெருக்கிக் குழாயை, அதன் பின்னால் பொருத்தியிருக்கிறோம். சந்திரனின் இருண்ட விளிம்பு ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் கணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று நானும் மூன்றாம் ஆண்டு மாணவிகள் நால்வரும் மூன்று மாதமாக முயன்றுகொண்டிருக்கிறோம்.

குழாய்க்கு மைனஸ் 900 வோல்ட் கொடுக்கிறோம். குவியத்தில் 0.3 மில்லிமீட்டர் துளை வைத்திருக்கிறோம். வானத்தில் அது ஏறத்தாழ 30 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). குழாயின் வெளியீட்டு முனையான ஆனோடிலிருந்து 30 மீட்டர் கோஆக்சியல் கேபிள் படிக்கட்டு வழியாகக் கீழே ஆய்வகத்துக்கு இறங்குகிறது. அங்கே 10 மெகா ஓம் ரெசிஸ்டர், அதையடுத்து ஃபெட் உள்ளீடு கொண்ட ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சில்லு, பிறகு சிக்னலைத் திரையில் கோடாக வரையும் ஆசிலாஸ்கோப். ஐந்தாம் ஒளிப்பருமன் நட்சத்திரத்துக்கு, அதாவது வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நட்சத்திரத்துக்கு, 0.2 வோல்ட் கிடைக்கிறது. முதன்முதலாக அந்தக் கோடு திரையில் எழுந்தபோது ஆய்வகத்தில் யாரும் பேசவில்லை.

இதுவரை இரண்டு மறைவுகளைப் பிடித்திருக்கிறோம். முதல் நட்சத்திரம் நீலம். இரண்டாவது செம்மஞ்சள், அதன் அளவு பாதிதான் வந்தது. இரண்டிலும் ஒளி சட்டென்று நிற்கவில்லை. 90 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்க 70 மில்லி விநாடி ஆகிறது, அதன் பிறகும் ஒரு வால் நீள்கிறது. மறைவதற்கு முன் ஒளி ஏறி இறங்கும் விளிம்பு விளைவுப் பட்டைகள் தெரியும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. எங்களுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

சந்திரன் விநாடிக்கு 0.4 வில்விநாடி நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், 70 மில்லி விநாடி என்பது 0.028 வில்விநாடி. "இதுதானே மேடம் நட்சத்திரத்தின் விட்டம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கண்ணில் இருந்த ஆவலைப் பார்த்தபோது ஆம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் மனம் ஒப்பவில்லை. மின்னழுத்தத்தை 800-லிருந்து 950 வோல்ட்டுக்கு ஏற்றியும் பார்த்துவிட்டோம். அளவு மூன்று மடங்கானது. இரைச்சலும் மூன்று மடங்கானது. வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எங்கே தவறு செய்கிறோம்?

பதில் 1: மின்மினி

மேடம், முயற்சிக்கு மனமார்ந்த வாழ்த்துகள். எனக்குத் தோன்றுவது இதுதான்: 931ஏ மிகப் பழைய வடிவமைப்பு. இப்போது சிலிக்கான் ஒளிப்பெருக்கிகள் 30 வோல்ட் அளவிலேயே வேலை செய்கின்றன, உயர் மின்னழுத்த ஆபத்தும் இல்லை. அதற்கு மாறலாம். அது முடியாவிட்டால், ஆப்-ஆம்புக்குப் பிறகு இன்னொரு பெருக்கி நிலையைச் சேர்த்துப் பாருங்கள். அளவு கூடினால் பட்டைகள் வெளியே தெரியலாம்.

பதில் 2: பழைய பட்டறை

அம்மா, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. நீல நட்சத்திரமும் 70 மில்லி விநாடி, செம்மஞ்சள் நட்சத்திரமும் 70 மில்லி விநாடி என்கிறீர்கள். இரண்டு வெவ்வேறு நட்சத்திரங்கள் ஒரே நேர அளவில் அணைந்தால், அந்த நேரம் நட்சத்திரத்துடையதாக இருக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது உங்கள் மாடியிலிருந்து இறங்கும் கேபிள்.

கோஆக்சியல் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் உண்டு. 30 மீட்டருக்கு 3000. அதை 10 மெகா ஓமோடு பெருக்குங்கள்: 30 மில்லி விநாடி. 90-லிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கும் நேரம் அதன் 2.2 மடங்கு, அதாவது 66. நீங்கள் அளந்த 70-ல் பெரும்பகுதி, கேபிளில் தேங்கிய மின்னூட்டம் ரெசிஸ்டர் வழியாக வடிந்த நேரம்தான். மிச்சம் சந்திர விளிம்பில் ஒளி வளைவதால் வருவது. அது தனியாக 15 மில்லி விநாடி அளவு இருக்கும். ஆனால் இவை நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடும். அதனால் 66, 68 அளவுக்கே உயர்கிறது. நீங்கள் அளந்த 70-க்கு அது மிக அருகில்.

உங்கள் மனம் ஒப்பாததற்கு இன்னொரு சான்றும் தருகிறேன். ரோகிணி நட்சத்திரம் ஒரு செம்பூதம், அதாவது உப்பிப் பெருத்த சிவப்பு நட்சத்திரம். வானத்தில் விட்டம் பெரிதாகத் தெரியும் நட்சத்திரங்களில் ஒன்று. அதுவே 0.020 வில்விநாடிதான். ஐந்தாம் ஒளிப்பருமன் நீல நட்சத்திரம் ஒன்று ரோகிணியை விடப் பெரிதாகத் தெரிய வழியில்லை. அந்த மாணவியிடம் இதைச் சொல்லுங்கள். அவள் கேட்டது சரியான கேள்வி.

இன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு நீல எல்இடி விளக்கைக் கறுப்புத் தாளில் குத்திய ஊசித்துளைக்குப் பின்னால் வைத்து, சிக்னல் ஜெனரேட்டரால் மினுக்குங்கள். எல்இடி ஒரு மைக்ரோ விநாடிக்குள் அணைந்துவிடும். உங்கள் திரையிலும் 66 மில்லி விநாடி தெரிந்தால் வழக்கு முடிந்தது. அந்தக் குழாய் குற்றமற்றது. அதன் துடிப்பு எழும் நேரம் சில நானோ விநாடிகள் மட்டுமே.

மேலே நண்பர் சொன்ன இன்னொரு பெருக்கி நிலை பயன் தராது என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நான் 31 ஆண்டுகள் ஒளிமானிகளைக் கட்டியும் பழுது பார்த்தும் வாழ்ந்தவன். இதைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூஜ்ய ஒளிப்பருமன் நட்சத்திரத்திலிருந்து பச்சை-மஞ்சள் பட்டையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் ஃபோட்டான்கள் வருகின்றன. ஐந்தாம் ஒளிப்பருமன் என்றால் அதில் நூறில் ஒன்று: 10,000. உங்கள் ஆடியின் பயனுள்ள பரப்பு சுமார் 280 சதுர சென்டிமீட்டர். ஆக 28 லட்சம். காற்றும் கண்ணாடிகளும் பாதியை விழுங்கும். மீதியில் பத்தில் ஒன்றுதான், குழாயில் ஒளி விழும் முனையான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரானை உதைத்து வெளியேற்றும். கடைசியில் விநாடிக்கு 1,40,000 எலெக்ட்ரான்கள். ஒரு மில்லி விநாடிக்கு 140.

இந்த 140-தான் உங்கள் சொத்து முழுவதும். அவை சீராக வருவதில்லை; தகரக் கூரையில் விழும் மழைத்துளி போல வருகின்றன. ஒரு மில்லி விநாடியில் 140, அடுத்ததில் 128, அடுத்ததில் 151. இந்த ஏற்ற இறக்கம் 140-ன் வர்க்கமூலம், அதாவது 12. கேத்தோடுக்குப் பிறகு நீங்கள் எத்தனை மடங்கு பெருக்கினாலும் 140-உம் 12-உம் சேர்ந்தே பெருகும். மின்னழுத்தத்தை ஏற்றியபோது அளவும் இரைச்சலும் ஒன்றாக மூன்று மடங்கானது இதனால்தான். அது பழுது அல்ல. உங்கள் குழாய் ஒவ்வொரு எலெக்ட்ரானையும் ஒழுங்காக எண்ணுகிறது என்பதற்கு அதுவே சான்று. இந்த இயல்பான இரைச்சல் எவ்வளவு தூயது என்றால், இரண்டாம் உலகப் போரில் இதே 931ஏ குழாயின் மீது ஒளியை விழச்செய்து, எதிரி ரேடாரைக் குழப்பும் கருவிகளுக்கு இரைச்சல் மூலமாகப் பயன்படுத்தினார்கள்.

அப்படியானால் குழாய்க்குள் டைனோடுகள் என்ற இத்தனை பெருக்கித் தகடுகள் எதற்கு? அந்த 1,40,000 எலெக்ட்ரான்களை நேரடியாக ஒரு ரெசிஸ்டரில் விட்டால் கிடைப்பது 0.022 பிக்கோஆம்பியர். உங்கள் 10 மெகா ஓம் ரெசிஸ்டர் அறை வெப்பத்தில் தானாக எழுப்பும் மின்னோட்ட அலைவு, மில்லி விநாடி வேகத்துக்குத் தேவையான அலைவரிசை அகலத்தில், அதைப் போல 40 மடங்கு. நட்சத்திரம் அதில் மூழ்கிப்போய்விடும். குழாய்க்குள் நடப்பது வேறு. கேத்தோடை விட்டுக் கிளம்பிய ஒரு எலெக்ட்ரான் முதல் டைனோடில் மோதி நான்கு அல்லது ஐந்து எலெக்ட்ரான்களை எழுப்புகிறது. அவை அடுத்த டைனோடில் மோதுகின்றன. 931ஏ-யில் ஒன்பது டைனோடுகள், ஒவ்வொன்றும் 4.6 மடங்கு என்றால் ஒன்பதாவதில் 10 லட்சம். எந்த ரெசிஸ்டரையும் தொடுவதற்கு முன்பே, வெற்றிடத்தில், சில பத்து நானோ விநாடிகளில் இது முடிந்துவிடுகிறது. ரெசிஸ்டருக்கு வந்து சேர்வது 22 நானோஆம்பியர். இப்போது ரெசிஸ்டரின் சொந்த இரைச்சல் ஒரு பொருட்டே அல்ல.

இதன் பொருளைக் கவனியுங்கள். உங்களுக்குப் பெரிய ரெசிஸ்டர் தேவையே இல்லை! 100 கிலோ ஓம் போட்டாலும் ரெசிஸ்டரின் இரைச்சல் சிக்னலில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். திரையில் 0.2 வோல்ட் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் 10 மெகா ஓம் போட்டு, குழாய் தந்த வேகத்தை நீங்களே கேபிளில் தேக்கிவிட்டீர்கள். 100 கிலோ ஓமுக்கு 2.2 மில்லிவோல்ட் கிடைக்கும். ஒரு சிறிய ஆப்-ஆம்பைக் குழாயின் அடியிலேயே, தீப்பெட்டி அளவு தகரப் பெட்டியில் வைத்து 100 மடங்கு பெருக்கி, பிறகு கேபிளில் இறக்குங்கள். ஆப்-ஆம்ப் கேபிளைத் தானே தள்ளிக்கொள்ளும். 30 மீட்டர் என்ன, 100 மீட்டர் ஆனாலும் கவலையில்லை.

ஆனால் இங்கே எல்லை மீறிவிடாதீர்கள். அந்த இடத்தில் தேக்கம் 20 பிக்கோஃபாரட்தான் இருக்கும் என்பதால் உங்கள் கருவி 2 மைக்ரோ விநாடி வேகத்துக்குப் போய்விடும். உங்கள் எலெக்ட்ரான்கள் சராசரியாக 7 மைக்ரோ விநாடிக்கு ஒன்று வருகின்றன. திரை முழுவதும் தனித்தனி ஊசிகளாக நிற்கும். நட்சத்திரம் எங்கே என்று தேடுவீர்கள். அரை மில்லி விநாடி வடிகட்டி ஒன்றை வேண்டுமென்றே சேருங்கள். சந்திரப் பட்டைகளுக்கு அது போதும். சந்திரன் 3,84,000 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே வளையும் ஒளி தரையில் விரிக்கும் முதல் பட்டைக்கும் இரண்டாம் பட்டைக்கும் இடைவெளி 11 மீட்டர் அளவு. நிழல் விநாடிக்கு 700 மீட்டர் ஓடினால் அது 16 மில்லி விநாடி.

டைனோடுச் சங்கிலியில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். எல்லா இடைவெளிக்கும் 100 கிலோ ஓம் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேத்தோடுக்கும் முதல் டைனோடுக்கும் இடையே மட்டும் 200 கிலோ ஓம் போடுங்கள். முதல் மோதலில் எலெக்ட்ரான்கள் குறைவாக எழுந்தால் அந்த இழப்பைப் பின்னால் வரும் எட்டு டைனோடுகளாலும் ஈடு கட்ட முடியாது. மின்னழுத்தம் நிலையாக நிற்கிறதா என்றும் பாருங்கள்: ஒரு சதவீதம் ஆடினால் பெருக்கம் ஆறு, ஏழு சதவீதம் ஆடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மின்னழுத்தம் இருக்கும்போது குழாயின் மீது அறை வெளிச்சம் பட விடாதீர்கள். 1984-ல் நான் வேலை பார்த்த இடத்தில், எட்டு மாதம் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்த குழாய் ஒன்று என் கையில்தான் போனது. ஷட்டரை மூடிவிட்டேன் என்று நம்பி விளக்கைப் போட்டேன். அரை நிமிடம் இருக்கும். அதன் இருட்டு மின்னோட்டம், அதாவது ஒளியே இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டம், அதன் பிறகு இறங்கவே இல்லை. அந்தப் பருவம் முழுவதும் எங்கள் வானியலாளர்கள் காத்திருந்தார்கள். இன்றும் ஷட்டரைக் கையால் தொட்டுப் பார்க்காமல் நான் விளக்கைப் போடுவதில்லை. மாணவிகளுக்கும் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். கேத்தோடில் மைனஸ் 900 வோல்ட் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் ஒரு நிமிடம் பொறுத்தே பெட்டியைத் திறக்க வேண்டும்.

உங்கள் மலைக்கும் இந்த வேலைக்கும் உறவு உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 40 அங்குலத் தொலைநோக்கியோடு காத்திருந்தவர்கள், மறைவுக்கு முன்பே நட்சத்திர ஒளி சில விநாடிகள் சரிந்ததைப் பதிவு செய்தார்கள். முதலில் அதைப் புதிய துணைக்கோள் என்றே கருதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடல் மீது பறந்த கைப்பர் விமான ஆய்வகமும் அப்படிப்பட்ட சரிவுகளைக் கண்டது. அவைதான் யுரேனஸின் வளையங்கள். ஒரு சிறு சரிவு வானத்தில் இருக்கிறதா, கம்பியில் இருக்கிறதா என்று சொல்ல, கருவியின் வேகம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எல்இடி சோதனையை ஒவ்வொரு இரவும் முதலில் செய்யுங்கள்.

பதில் 3: காமா அறை

நான் மருத்துவமனைகளில் காமா கேமராக்களைப் பராமரிப்பவன். அவற்றில் சோடியம் அயோடைடு படிகத்துக்குப் பின்னால் பல பத்துக் குழாய்கள் அடுக்கியிருக்கும். பெரியவர் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. அனுபவத்திலிருந்து இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று ஈரம். மழைக்காலத்தில் குழாயின் அடிப்பாகத்திலும் சாக்கெட்டிலும் படியும் ஈரமும் விரல் அழுக்கும் சேர்ந்து மின்கசிவை உண்டாக்கும். அது இருட்டு மின்னோட்டம் போலவே நடிக்கும். சுத்தமான ஆல்கஹாலால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். குழாயைப் பகலில் வெளிச்சத்தில் வைத்திருந்தால், மின்சாரம் இல்லாமல் இருந்தாலும், இரவில் முதல் சில மணி நேரம் அதன் இருட்டு எண்ணிக்கை உயர்ந்தே இருக்கும். எனவே எப்போதும் இருட்டிலேயே வைத்திருங்கள்.

மற்றொன்று காந்தப்புலம். தொலைநோக்கியைத் திருப்பும்போது பூமியின் காந்தப்புலத்துக்கு எதிரே குழாயின் திசை மாறுகிறது. எலெக்ட்ரான்களின் பாதை சற்று விலகிப் பெருக்கம் மாறும். காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூ-மெட்டல் உறை இருந்தால் போடுங்கள். மறைவு நிகழ்வு சில நொடிகளில் முடிந்துவிடுவதால் உங்களுக்கு இது பெரிய தொல்லை அல்ல. ஆனால் தொலைநோக்கியின் மோட்டாரைக் குழாய்க்கு அருகில் வைக்காதீர்கள்.

பதில் 4: மாடி ஆய்வகம்

ஐயா, உங்கள் பதிலை வகுப்பில் உரக்கப் படித்தோம். 140-ன் வர்க்கமூலம் என்ற இடத்தில் நான் நிறுத்தி, ஒவ்வொருவரையும் தங்கள் நோட்டில் கணக்கைத் திரும்பப் போடச் சொன்னேன்.

எல்இடி சோதனையில் 65 மில்லி விநாடி வந்தது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். விட்டம் என்று கேட்ட மாணவிதான் மறுநாள் ஆப்-ஆம்பைத் தகரப் பெட்டியில் சாலிடர் செய்தாள். 100 கிலோ ஓம், 100 மடங்கு பெருக்கம், அரை மில்லி விநாடி வடிகட்டி. முதல் டைனோடுக்கு 200 கிலோ ஓம். இப்போது எல்இடி ஒரு மில்லி விநாடியைச் சற்றே தாண்டி அணைகிறது.

நேற்று மாலை பிறைச் சந்திரன் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. மேகம் பத்து நிமிடத்துக்கு முன்புதான் விலகியது. ஒளி அணைவதற்குச் சற்று முன் கோடு மேலே ஏறியது. நட்சத்திரத்தின் அளவில் கால் பங்குக்கும் அதிகம். பிறகு 15 மில்லி விநாடியில் இறங்கிவிட்டது. அந்த ஏற்றத்துக்கு முன்னால் இன்னொரு சிறிய ஏற்றம் இருப்பதுபோல் எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் இரைச்சலில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1969-ல் நண்டு நெபுலாவின் துடிவிண்மீனை 36 அங்குலத் தொலைநோக்கியிலும் இதுபோன்ற குழாயிலும் பிடித்ததாகப் படித்தோம். விநாடிக்கு 30 முறை துடிக்கும் ஒளியை ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தார்களாம். நாங்களும் அப்படிச் செய்யலாமா?

பதில் 5: பழைய பட்டறை

படித்ததும் எழுந்து சற்று நேரம் வாசலில் நடந்துவிட்டு வந்தேன் அம்மா. அந்த மாணவிக்கு என் ஆசிகள்.

சராசரி எடுக்க முடியாது. துடிவிண்மீன் 33 மில்லி விநாடிக்கு ஒருமுறை திரும்பி வரும். இந்த நட்சத்திரம் அந்த விளிம்பில் ஒரே ஒருமுறைதான் அணைகிறது. அடுத்த முறை வேறு விளிம்பு, வேறு கோணம், வேறு வேகம். ஆனால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. நேரான விளிம்பில் வளையும் ஒளி எப்படி ஏறி இறங்கும் என்பதைக் காட்டும் ஃபிரெனல் வளைகோட்டின் வடிவம் முழுவதும் தெரிந்ததுதான். அணைந்த கணம், நிழலின் வேகம், நட்சத்திரத்தின் அளவு, பின்னணி என்ற நான்கை மட்டும் மாற்றி மாற்றி, உங்கள் பதிவின் எல்லாப் புள்ளிகளோடும் ஒரே நேரத்தில் பொருத்துங்கள். அப்போது இரண்டாம் ஏற்றம் தனியாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. 931ஏ நீலப் பக்கம் கூர்மையானது என்பதால் அலைநீளத்தை 450 நானோமீட்டர் அளவில் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

வடிகட்டாத பதிவு ஏதேனும் சேமித்திருந்தால் அதையும், அன்றைய எல்இடி பதிவையும் இங்கே இடுங்கள். நானும் பொருத்திப் பார்க்கிறேன். பொருத்தத்தில் கிடைக்கும் வேகம் முன்கணிப்பிலிருந்து விலகினால், அந்த நட்சத்திரம் மறைந்த இடத்தில் சந்திரனின் விளிம்பு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பதும் உங்கள் மாணவிகளுக்குக் கிடைக்கும்.